பசுமாட்டுக்குக் கிடைத்த பரிதாபம்

எங்கள் வீட்டு ‘நமது நிருபர்’ அவர்களுக்கு,

ஏங்க, நல்லா இருக்கீங்களா? போய்ச் சேர்ந்த மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கிறுக்கிக் கொடுத்ததைப் பார்த்து நகல் எடுத்தே பழகியவளுக்குச் சொந்தமாக ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது. நீங்கள் போய் நாலு வருஷமாகிறது. அழுகையெல்லாம் முதல் வருஷத்தோடு தீர்ந்துபோய், இப்போது அலுப்புதான் மிச்சம். காலையில் எழுந்தால் முட்டி மடங்கமாட்டேன் என்கிறது. ஒருத்திக்காக அடுப்பைப் பற்றவைப்பதே பெரிய வேலையாகத் தெரிகிறது. பையன் சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறான். "சாப்டியாம்மா" என்கிறான், "சாப்பிட்டேன்" என்கிறேன், அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடுவதில்லை.

ஊர்ச் சேதி கேட்பீர்களே. தென்காசி தனி மாவட்டமானதைப் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள். இப்போது கலெக்டர், கார், மனு கொடுக்க வரும் கூட்டம் என்று ஊர் பெரிய மனுஷி ஆகிவிட்டது. இந்த ஆனியில் சாரல் ஒழுங்காக விழுந்தது. ஆனால் அருவியில் தண்ணீர் கொஞ்சம் கூடினால் போதும், ‘குளிக்கத் தடை’ என்று போனில் வந்துவிடுகிறது. தடை நீங்கினால் அதுவும் போனில் வருகிறது. நீங்கள் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் சைக்கிள் மிதித்துப் போய்க் கேட்டு வந்த செய்தியை, இப்போது குளிக்கப் போனவனே ஈரக் கையோடு அனுப்பிவிடுகிறான்.

இன்னொரு சேதி. இப்போதெல்லாம் யாரும் ‘பரிதாபமாக’ இறப்பதில்லை. ‘சோகம்’ என்கிறார்கள், ‘அதிர்ச்சி’ என்கிறார்கள், ‘பரபரப்பு’ என்கிறார்கள். பரிதாபம் பழைய பேப்பரோடு சேர்ந்து எடைக்குப் போய்விட்டது போலிருக்கிறது. அந்தச் சொல்லைப் பற்றித்தான் உங்களிடம் பேச உட்கார்ந்திருக்கிறேன். நான் இரண்டு தப்புப் பண்ணியிருக்கிறேன். ஒன்று முப்பது வருஷத்துக்கு முந்தியது. இன்னொன்று போன மாதம் பண்ணியது.

இதை மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் உங்களுக்கு உரக்கடையில் வேலை. திருநெல்வேலியில் அச்சாகும் ஒரு பேப்பருக்குத் தென்காசிப் பகுதி நேர நிருபர். உங்கள் கையெழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கும். ஆபீஸில் தலையில் அடித்துக்கொண்டார்கள் என்று, கல்யாணமான புதிதிலேயே அந்த வேலை என் தலையில் விழுந்தது. உர நோட்டீஸின் பின்பக்கத்தில் நீங்கள் எழுதிக் கொண்டுவருவதை நான் வெள்ளைத்தாளில் முத்து முத்தாக நகல் எடுப்பேன். நீங்கள் அதைக் கவரில் போட்டு, ஏழு மணி திருநெல்வேலி பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுப்பீர்கள். அந்த பஸ் போய்விட்டால் தென்காசியில் அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம்.

நம் வீட்டில் ‘பரிதாபமாக’ என்ற சொல்லுக்கு ஒரு சட்டம் இருந்தது. செத்தவர்கள் எல்லாருக்கும் அதைப் போட்டுவிட முடியாது. குழந்தை என்றால் கேள்வி கேட்காமல் போட வேண்டும். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் என்றால் ‘மிகவும் பரிதாபமாக’. ஆடு மாடு மின்சாரம் தாக்கிச் செத்தால் போடலாம், பால்மாடு என்றால் போட்டே ஆகவேண்டும். எழுபது வயதைத் தாண்டியவருக்குப் போட்டால் ஆபீஸில் அந்தச் சொல்லை வெட்டிவிடுவார்கள். திருடப் போன வீட்டுக் கிணற்றில் விழுந்தவனுக்குக் கிடையாது. குடித்துவிட்டு விழுந்தவனுக்குக் கிடையவே கிடையாது.

"குடிபோதை வந்துட்டா பரிதாபம் வரக்கூடாதுட்டி. ரெண்டும் ஒரே வரியில நின்னா படிக்கிறவன் நம்மளப் பாத்துச் சிரிப்பான்" என்பீர்கள்.

நான் மட்டும் அந்தச் சொல்லை வீட்டுக்குள் தாராளமாகச் செலவழிப்பேன். "புளி பத்தாம ரசம் பரிதாபமா இருக்கு" என்றால், "செய்திய அனுப்பிருவமா?" என்று பேனாவைத் திறப்பீர்கள். சிரிப்புக்குக் குறைச்சல் இல்லாத வீடாகத்தான் இருந்தது.

குற்றாலச் சீசன் வந்துவிட்டால் உங்களுக்கும் எனக்கும் நிற்க நேரமிருக்காது. எந்த ஊர்க்காரனோ வந்து, குடித்துவிட்டு, பாறையில் ஏறி, விழுவான். அநேகமாக எல்லாம் ஒரே மாதிரிச் செய்தி. பெண்கள் குளிக்கிற பக்கம் வந்து தள்ளாடிக்கொண்டு நிற்கிறவர்களை நானே பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். அதனால் அந்தச் செய்திகளை எழுதும்போது எனக்கு மனசு கனக்காது. ‘குற்றாலம்’ என்று எழுதி முடிப்பதற்குள் ‘குடிபோதையில்’ என்று பேனா தானாக ஓடும்.

சரி, போன மாதத்துக்கு வருகிறேன்.

ஒரு மத்தியானம் கதவைத் தட்டினாள் ஒரு பெண். கறுப்பு புர்கா, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், முப்பத்தைந்து வயது இருக்கும். "ரிப்போர்ட்டர் வீடு இதுதான ஆச்சி?" என்றாள். ஆச்சியாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

"இந்த வீடுதாம்மா. ஆனா அவங்க இல்லையே. தவறி நாலு வருஷமாச்சு" என்றேன்.

அவள் முகம் தொங்கிப்போய்விட்டது. வெயிலில் நிற்கவைக்க மனசில்லாமல் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தேன். பேர் மைமூன், ஊர் கடையநல்லூர். அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவள் வாப்பா சாகுல், சவூதியிலிருந்து லீவில் வந்தவர், ஐந்தருவியில் விழுந்து இறந்துபோனார். அருவியில் விழுந்தார் என்பதற்குமேல் அவளுக்கு உம்மா எதுவும் சொன்னதில்லையாம். இப்போது மைமூனின் மகளைப் பெண் கேட்டு வந்த இடத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எல்லார் முன்னாலும் பேச்செடுத்திருக்கிறார். "பொண்ணோட தாத்தா குற்றாலத்துல குடிச்சிட்டு விழுந்து செத்தவராமே? பேப்பர்லயே வந்துச்சாமே?" அதோடு பேச்சு நின்றுவிட்டது. அவர்கள் குடும்பத்தில் குடி என்பது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மைமூன் உம்மாவின் பெட்டியைக் கிளறியிருக்கிறாள். வாப்பாவின் பழைய பாஸ்போர்ட் உறைக்குள் ஒரு பேப்பர் துண்டு மடித்து வைத்திருந்தது. அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்துத் தென்காசி நிருபர் யார் என்று நாலு பேரைக் கேட்டு விசாரித்து நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கவரிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செய்தி.

"இது எங்க வாப்பா. இது சுரண்டையில கரண்ட் அடிச்சுச் செத்த பசுமாடு. ரெண்டையும் வாசிச்சுப் பாருங்க ஆச்சி."

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசித்தேன். ‘குற்றாலம் ஐந்தருவியில் நேற்று குடிபோதையில் குளித்துக்கொண்டிருந்த கடையநல்லூரைச் சேர்ந்த சாகுல் (32) என்பவர் பாறையில் வழுக்கி விழுந்து இறந்தார். போலீசார் விசாரித்து வருகின்றனர்.’ அவ்வளவுதான். பக்கத்தில், ‘சுரண்டை அருகே அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்த பசுமாடு பரிதாபமாக இறந்தது.’

"மாட்டுக்குப் ‘பரிதாபமாக’ன்னு போட்டிருக்கு. எங்க வாப்பாக்கு இல்ல. குடிச்சிருந்தாகன்னே வச்சுக்கிடுங்க. ஒரு மாட்டுக்குப் போட்ட வார்த்தைய ஒரு மனுஷனுக்குப் போடக்கூடாதா?" என்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா வாப்பா குடிக்கமாட்டாகன்னுதான் அவுக கூட்டாளிமாருல்லாம் சொல்லுதாக. பேப்பர்க்காரகளுக்கு மட்டும் யாரு ஆச்சி சொன்னது?" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மன்னித்துவிடுங்கள். "எனக்கு என்னம்மா தெரியும்? எல்லாம் அவங்க எழுதினது. ஸ்டேஷன்ல சொன்னதத்தான் எழுதுவாங்க. நான் அடுப்படியில கெடந்தவ" என்றேன். செத்தவர் வந்து இல்லை என்று சொல்லவா போகிறார் என்ற தைரியம். வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

அவள் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஜெராக்ஸையும் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் அதை மறுபடி எடுத்து வாசித்தேன். அது உங்கள் நடை இல்லைங்க. நீங்கள் எந்தச் செய்தியையும் ஊர்ப் பேரில் தொடங்கமாட்டீர்கள். ஆள் பேரில்தான் தொடங்குவீர்கள். "செத்தது ஆளுட்டி, ஊரு இல்ல" என்பீர்கள். அவசரத்தில் ஊரில் தொடங்குகிறவள் நான்தான்.

மறுநாள் எதிர்வீட்டுப் பெண்ணை ஏணியில் ஏற்றிப் பரணில் கிடந்த உங்கள் பெட்டிகளை இறக்கினேன். பாதியைக் கரையான் தின்றிருந்தது. மிச்சத்தை வருஷ வாரியாக நீங்கள் கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்ததால் பிழைத்தேன். இரண்டு நாள் தும்மித் தும்மித் தேடினேன். கிடைக்கக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டே தேடினேன் என்றால் நம்புவீர்களா? மூன்றாவது நாள் மத்தியானம் கிடைத்தது.

யூரியா நோட்டீஸின் பின்பக்கம். உங்கள் கோழிக்கிறுக்கல். ‘சாகுல் (32), கடையநல்லூரைச் சேர்ந்தவர், சவூதியில் வேலை பார்ப்பவர், இரண்டு மாத விடுமுறையில் வந்திருந்தார். நேற்று ஐந்தருவியில் குளிக்கும்போது பாறையில் வழுக்கி விழுந்து பரிதாபமாக இறந்தார். இவருக்கு மனைவியும் ஐந்து வயது மகளும் உள்ளனர்.’

குடி என்ற வாடையே அதில் இல்லை. அதே தாளில், அதற்கு மேலே இரண்டு குற்றாலச் செய்திகள், இரண்டும் குடிகாரர்கள். கீழே சுரண்டை மாடு. நீங்கள் வாசலில் சைக்கிளோடு நின்று, "ஏட்டி, ஏழு மணி வண்டி போயிரும், வெரசா எழுது" என்று கத்தியிருப்பீர்கள். நான் மேலே இருந்த இரண்டையும் எழுதின கையோடு மூன்றாவதையும் எழுதியிருக்கிறேன். குற்றாலம் வந்ததும் குடிபோதை வந்துவிட்டது. குடிபோதை வந்ததும், நம் வீட்டுச் சட்டப்படி, பரிதாபத்தை நானே எடுத்துவிட்டேன். மனைவியும் மகளும் இருந்த வரி என்னிடம் போயிற்றா, ஆபீஸில் போயிற்றா, தெரியவில்லை.

அந்த நாள் எனக்குக் கொஞ்சம்கூட ஞாபகம் இல்லைங்க. அதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது. தெரிந்து பண்ணியிருந்தால் ஒரு காரணமாவது இருந்திருக்கும். அன்றைக்கு ரசம் வைத்தேனா, துவையல் அரைத்தேனா, பையனுக்குக் காய்ச்சலா, ஒன்றும் நினைவில்லை. ஒரு மனுஷனைக் குடிகாரனாக்கிவிட்டு எழுந்துபோய் உலை வைத்திருப்பேன். எழுதியது கைதானா, இல்லை குடிகாரர்கள்மேல் எனக்கிருந்த எரிச்சலும் கூடச் சேர்ந்து எழுதியதா? நீங்கள் இருந்தால் இதற்குப் பதில் சொல்லியிருப்பீர்களா?

அதோடு விட்டிருக்கலாம். நான்தான் சும்மா இருக்கமாட்டேனே. நீங்கள் செய்திகளை வெட்டி ஒட்டிவைப்பீர்களே, அந்த நீள நோட்டையும் புரட்டினேன். அந்த வருஷத்து நோட்டில் அந்தச் செய்தி இருந்தது. ‘குடிபோதையில்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்திருந்தீர்கள். ‘விழுந்து’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டு, ஓரத்தில், பேனாவை அழுத்தி, ‘பரிதாபமாக’ என்று எழுதியிருந்தீர்கள்.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் உங்களுக்குத் தெரியும். மறுநாளே தெரிந்திருக்கிறது. சாகிறவரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த சீசன் முடிந்ததும் நகல் எடுக்கிற வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டீர்களே. "உனக்கு எதுக்கு இந்தத் தலவலி, நானே எழுதிக்கிடுதேன்" என்றீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதுவீர்கள். நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று ஆறு மாதம் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசிவரைக்கும் அந்தக் காயம் ஆறவில்லை. உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தபோதுகூட ஒரு நாள் சொல்லிக் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டீர்கள்.

எனக்குக் கோபமும் வருகிறதுங்க, மறைக்கவில்லை. ஒரு திருத்தம் போடச் சொல்லி நீங்கள் ஆபீஸுக்கு எழுதியிருக்கலாமே? நாலே வரி. எழுதினால் யார் தப்பு என்று கேட்டிருப்பார்கள். பொண்டாட்டி நகல் எடுக்கிறாள் என்று தெரிந்திருக்கும். அப்போது என்னைக் காப்பாற்றினீர்களா, உங்கள் நிருபர் அட்டையைக் காப்பாற்றினீர்களா? உங்கள் நோட்டுக்குள் மட்டும் அந்த மனுஷனுக்குப் பரிதாபத்தைக் கொடுத்துவிட்டு மூடிவைத்தால் அது கடையநல்லூருக்கு எப்படிப் போய்ச் சேரும்? இரண்டு பேரும் சேர்ந்துதான் இதைப் பண்ணியிருக்கிறோம்.

ஒரு வாரம் யோசித்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை, தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு மைமூனுக்குப் போன் போட்டேன். உங்கள் நோட்டீஸ் தாளையும் நீள நோட்டையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, முட்டி வலியோடு பஸ் ஏறிக் கடையநல்லூர் போனேன்.

சின்ன வீடு. முன்னால் ஒரு தறி, இப்போது ஓடுவதில்லை போலிருக்கிறது, மேலே துணிமணி மடித்து வைத்திருந்தார்கள். மைமூனின் உம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். பாத்திமா என்று பேர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள்தான், பார்த்தால் என்னைவிட மூத்தவளாகத் தெரிந்தாள். "வாங்கக்கா, தரையில உக்கார முடியுமா, சேர் போடச் சொல்லட்டா?" என்றாள். சேரில் உட்கார்ந்து சொல்கிற விஷயமா இது? கீழேயே உட்கார்ந்தேன்.

எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "உங்க வீட்டுக்காரர் குடிக்கலம்மா. அத எழுதினது நாந்தான். அவங்க எழுதல. அன்னைக்கு உங்க மககிட்ட நான் பொய் சொல்லிட்டேன்" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன். தாளை எடுத்து மைமூனிடம் கொடுத்தேன். அந்தக் கிறுக்கலை அவளால் வாசிக்க முடியவில்லை. நான்தான் வாசித்துக் காட்டினேன். அதைப் பழகியவள் நான் ஒருத்திதானே.

மைமூனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கை தவறி எழுதிட்டீகளா? ஒரு கை தவறுனதுக்கா முப்பது வருஷமா ஊரு என் காதுபடாம எங்க வாப்பாவக் குடிகாரகன்னு பேசியிருக்கு?" என்றாள். இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தே திட்டட்டும் என்று இருந்தேன். ஆனால் அவள் உம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் பேப்பர நம்புனேன்" என்றாள் பாத்திமா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அந்தத் தறியைப் பார்த்துச் சொன்னாள். "அன்னைக்கு அவுக துணிமணியக் கொண்டாந்து குடுத்தாக. மோந்து பாத்தேன், அத்தர் வாசந்தான் அடிச்சுது. மறுநா பேப்பர்ல இப்படிப் போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொன்னாக. அவுக கூட நான் இருந்த நாளையெல்லாம் கூட்டுனா ஒரு வருஷம் வராதுக்கா. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க வருவாக, ரெண்டு மாசம் இருப்பாக. அங்கன போயி என்னென்ன பழகுனாகளோ, எனக்குத் தெரியாமலே குடிச்சிருப்பாகளோன்னு நெனைச்சிட்டேன். அச்சடிச்சு வந்தது பொய்யா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

மைமூன், "உம்மா, போதும்மா" என்றாள். அவள் நிறுத்தவில்லை.

"அஞ்சு வேளையும் தொழுதேன். தொழுது முடிச்சுக் கையேந்துனா எல்லாத்துக்கும் துஆ கேப்பேன். எங்க உம்மாவுக்கு, வாப்பாவுக்கு, பக்கத்து வீட்டுப் புள்ள பரீட்சைக்கு, ஊர்ல மழை பெய்யணும்னு. அவுக பேரு மட்டும் வாயில வராது. கோவம். எங்களத் தெருவுல விட்டுட்டுக் குடிச்சிட்டுப் போயிட்டாகன்னு கோவம். முப்பது வருஷமா அந்த மனுஷனுக்குன்னு ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேனேக்கா. அவுக மண்ணுக்குள்ள என் துஆவ எதிர்பாத்துக்கிட்டே இருந்திருப்பாகளே."

நான் வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை. மைமூன்தான் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவள் கொடுத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திமா அந்த நீள நோட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வரும். சிவப்பு மையில் இருந்த அம்புக்குறியை விரலால் தடவினாள். ஓரத்தில் இருந்ததை, ‘ப...ரி...தா...ப...மாக’ என்று மெதுவாகப் படித்து முடித்தாள்.

"இத எழுதி வச்சது உங்க வீட்டுக்காரகளா?"

"ஆமா."

"ஒருத்தராவது அவுகளுக்காக வருத்தப்பட்டிருக்காகளேக்கா" என்றாள். பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்ய எழுந்தவள் அப்படியே நின்றாள். "இன்னைக்கு ரெண்டு பேரையும் சொல்லிக் கேக்கேன். உங்க வீட்டுக்காரக பேரு என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எங்கே உங்கள் பேரைச் சொன்னேன்? ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் பையன் சொல்வான். உங்கள் காரியத்துக்கு நோட்டீஸ் அடிக்க வந்தவனுக்குக்கூடத் துண்டுச்சீட்டில் எழுதித்தான் கொடுத்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தி, உங்களை "ஏங்க" என்பதற்குமேல் கூப்பிட்டதில்லை. புருஷன் பேரை வாயால் சொன்னால் ஆயுசு குறையும் என்று எங்கம்மா சொல்லி அனுப்பினதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தவள்.

அவள் காத்துக்கொண்டு நின்றாள். எழுதிக் கொடுத்தால் அவளால் சட்டென்று வாசிக்க முடியாது, தொழுகைக்கும் நேரமாகிவிட்டது. இனி குறைய உங்களுக்கு ஆயுசும் இல்லை.

"சிவசுப்பிரமணியன்" என்றேன்.

குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள், "சிவசுப்பிரமணியன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள். சாகுல் பேரையும் உங்கள் பேரையும் அவள் எப்படிச் சேர்த்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தொழுகை முடிந்து அவள் கையேந்தி இருந்தது கதவு இடுக்கில் தெரிந்தது. ரொம்ப நேரம் ஏந்தியிருந்தாள்.

வருகிற வெள்ளிக்கிழமை மைமூனோடு அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறேன். அந்தப் பெரியவர் முன்னால் உங்கள் தாளை விரித்து, நானே வாசித்து, எழுதியது யார் என்று சொல்லிவிட்டு வருவேன். சம்பந்தம் கூடுகிறதோ இல்லையோ, அது அவர்கள் பாடு. தெருவில் யாராவது சாகுலைப் பற்றி வாயைத் திறந்தால் அந்த வீட்டுக்கும் போவேன். முட்டி வலித்தாலும் போவேன். இனி எதையும் உங்கள் தலையில் போடமாட்டேன், இது சத்தியம்.

சாகுலுக்கும் சிவசுப்பிரமணியனுக்கும் கடன்பட்டவள்,
உங்கள் மனைவி
வடிவு